பிட்டுத்துணிக்கு வேலை

டிசம்பர் 22, 2024, ஞாயிறு

பொங்கலுக்கு வீடு கழுவ இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் தையல் அறையில் வெட்டி மிஞ்சிச் சேர்ந்து கிடக்கும் பிட்டுத்துணிச் சாக்குகளுக்கு ஒரு வழி செய்தாக வேண்டும். குப்பை வண்டியில் ஏற்றுவதை நான் வழி என்று சொல்லமாட்டேன்.

திருப்பூரில் பெரிய கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட்டுக்கு எப்போதும் ஆள் உண்டு. வெள்ளை பனியன் வெட்டுத்துணி என்றால் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்லுக்குப் போய்விடும். அங்கே பிய்த்துப் பஞ்சாக்கி மறுபடியும் நூலாக நூற்கிறார்கள். கலர் துணியையும் நிறம் நிறமாகப் பிரித்துப் பஞ்சாக்குகிறார்கள். சிவப்புத் துணியிலிருந்து சிவப்பு நூலே வந்துவிடுகிறது, புதிதாகச் சாயம் போடும் வேலை மிச்சம். ஆனால் அதெல்லாம் ஒரே ரகம் மூட்டை மூட்டையாக விழும் இடத்துக்குத்தான். ஒரு ஓவர்லாக், ஒரு சிங்கர் என்று வீட்டு முன்னறையில் தைக்கிற எங்களைப் போன்றவர்களின் சாக்கு வேறு மாதிரி. நைட்டி வெட்டியது, குழந்தை கவுன் வெட்டியது, பிளவுஸ் லைனிங், பாவாடை நாடாத் துணி, நெட், சாட்டின், லைக்ரா எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். இதை எடைக்குப் போட்டால் கடைக்காரர் கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பார். சாயங்கால நேரத்தில் ஊர்ப்புறத்துக் காலி மனைகளில் கறுப்பாகப் புகைகிறதே, அதில் பாதி இந்தச் சாக்குகளின் புகைதான்.

இத்தனை துணியையும் வெளியே தள்ளிவிட்டு, வீட்டைத் துடைக்க நாம் கடையில் காசு கொடுத்துத் துணி வாங்குகிறோம். அதுவும் இந்த ஊரில். எனக்கு அது பொறுக்கவில்லை.

டிசம்பர் 23, திங்கள்

மங்கலம் சாலைப் பக்கம் ஒரு வேஸ்ட் குடோனுக்குப் போயிருந்தேன். தரகு வேலையாகப் போகவில்லை, பிரிக்கிற பெண்களைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

தகரக் கொட்டகை. துணிக் குவியலுக்கு நடுவே சாக்கை விரித்துப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கைபோகிற வேகத்துக்குக் கண் ஈடுகொடுக்கவில்லை. ஒரு பிடி எடுப்பார்கள். வெள்ளை ஒரு பக்கம், மெலஞ்சு ஒரு பக்கம், ரிப் ஒரு பக்கம் என்று பறக்கும். லேபிள் ஒட்டியது, பிரிண்ட் விழுந்தது, லைக்ரா கலந்தது எல்லாம் தனி. நிறத்தை மட்டும் பார்க்கவில்லை, துணியின் எடையையும் பார்க்கிறார்கள். கம்பெனியில் ஜிஎஸ்எம் பார்க்க ஒரு வட்டக் கட்டர் இருக்கும். 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டித் தராசில் போட்டு, வந்த கிராமை 100-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை வந்துவிடும். அந்தக் கருவி செய்வதை இங்கே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் செய்கின்றன.

மூத்த அக்கா ஒருவரிடம் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். “தொட்டா சொல்லிப்போடும் கண்ணு. காட்டன் கையப் புடிக்கும், பாலியஸ்டர் வழுக்கிட்டு ஓடும். ரெண்டும் கலந்ததுதான் ஏமாத்தும், அதுக்கு ஓரத்தக் கொஞ்சம் கசக்கிப் பாக்கோணும். காட்டன் கசங்குன மடிப்பு அப்படியே நிக்கும்” என்றார்.

ஒர்க்‌ஷாப்புகளுக்கு எண்ணெய் துடைக்கப் போகும் பனியன் வேஸ்ட்டும் அங்கேதான் கட்டுகிறார்கள். கலர் கலந்திருந்தால் பரவாயில்லை, ஆனால் காட்டனாக இருக்க வேண்டும், பட்டன் ஜிப் இருக்கக் கூடாது. “புதுத்துணி நல்லாத் தொடைக்காதுங்க. துவைச்சுத் துவைச்சு நைஞ்சதுதான் எண்ணெய உறிஞ்சும். மெக்கானிக்குக அதத்தான் கேட்டு வாங்குவாங்க” என்றார் குடோன்காரர். அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். சாயம் போட்ட பின் துணி மெத்தென்று இருக்க வேண்டும் என்று சாஃப்ட்னர் ஏற்றி விடுகிறார்கள். சிலிக்கான் சாஃப்ட்னர் ஏறிய துணியில் தண்ணீர் இறங்கத் தயங்கும். அது கழுவிக் கழுவித்தான் போகும்.

இந்தப் பிரிக்கிற வேலையை ஒன்றும் தெரியாதவர்கள் செய்யும் வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு துணி நூலாகுமா, எண்ணெய்த் துணியாகுமா, சாம்பலாகுமா என்பது அந்த விரல்களில்தான் முடிவாகிறது.

டிசம்பர் 26, வியாழன்

சாக்குகளைத் தரையில் கொட்டிப் பிரித்தேன். மகள் பாப்பாவுக்கு அரைப் பரீட்சை விடுமுறை. அவளும் உட்கார்ந்தாள்.

தொட்டுத் தெரியாததை மூன்று விதமாகச் சோதித்தோம். முதலில் தண்ணீர்ச் சொட்டு. துணியை விரித்து ஒரு சொட்டு விட்டால், உடனே பரவி மறைந்தால் அது துடைக்கும். முத்தாக உருண்டு நின்றால், ஒன்று அது பாலியஸ்டர், இல்லையென்றால் சாஃப்ட்னர் போகாத காட்டன். எது என்று தெரிய அடுத்தது நெருப்பு. இடுக்கியில் ஒரு நூலைப் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்து, நானே கொளுத்தினேன், பாப்பா எட்டி நின்று பார்த்தாள். காட்டன் காகிதம் எரியும் வாசத்தோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி, உருகி, ஆறியதும் கறுத்த கடினமான மணியாக நிற்கும். கலப்புத் துணியில் சாம்பலும் மணியும் சேர்ந்தே இருக்கும்.

மூன்றாவது சோதனையைப் பலர் செய்வதில்லை. விஸ்கோஸ் துணி நெருப்பில் காட்டனைப் போலவேதான் எரியும், தண்ணீரையும் நன்றாகக் குடிக்கும். நைட்டித் துணியில் இப்போது அது நிறைய வருகிறது. ஈரமாக்கி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும், விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழந்து கிழியும். தரை துடைக்கிற துணிக்கு விஸ்கோஸ் உதவாது. தூசி தட்ட வைத்துக்கொள்ளலாம்.

சும்மா கிடக்கும்போதே பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை வாங்கித் தன் எடையில் 8 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கும் என்றும், பாலியஸ்டரால் அரை விழுக்காடு கூட முடியாது என்றும் அவளுக்குச் சொன்னேன். “அப்ப பாலியஸ்டர் எதுக்கும்மா ஆகும்?” என்றாள். எண்ணெய்க்கு ஆகும். தண்ணீரை ஒதுக்கும் அதே நூல் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் சட்டையில் காலர் அழுக்கு போகாமல் அடம் பிடிப்பது அதனால்தான். சட்டைக்குக் குறையாக இருப்பது அடுப்பு மேடைக்கு உதவுகிறது. அடுப்பு நன்றாக ஆறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

டிசம்பர் 27, வெள்ளி

காட்டன் பிட்டுகளை அண்டாவில் போட்டு, சலவை சோடா கலந்து கொதிக்கவைத்தேன். கரு நீலமும் மெரூனும் தனியாக. எத்தனை தடவை அலசினாலும் அடர் நிறம் கொஞ்சம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். ஒட்டுகிறவற்றை வெள்ளை டைல்ஸ் பக்கம் விடக்கூடாது, வாசலுக்கும் வண்டிக்கும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்டாத் தண்ணீர் மெரூனாக ஓடியபோது நொய்யல் ஆற்றின் நினைப்பு வந்துவிட்டது. என் பள்ளிக்கூட நாளில் ஆற்றுப் பாலத்தில் நின்றால் கீழே ஓடும் தண்ணீரின் நிறத்தை வைத்து அன்றைக்குச் சாயப்பட்டறையில் என்ன கலர் ஓடுகிறது என்று சொல்லுவோம். நொய்யலின் குறுக்கே விவசாயத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. கீழே இருந்த காடு தோட்டமெல்லாம் உப்பேறிப் போனது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவு கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்றானது. ஊரே வேலையில்லாமல் நின்ற காலம் அது. என் வீட்டுக்காரர் வெட்டு மேசையை விட்டுவிட்டு வேறு வேலை தேடி அலைந்தார்.

இந்தக் கையகலத் துணிக்குப் பின்னால் ஒரு ஆறும் அதன் கரையில் இருந்த தென்னந்தோப்புகளும் இருக்கின்றன. பருத்தி விளைந்த காட்டுத் தண்ணீர் அதற்கு முந்திய கணக்கு. இவ்வளவையும் செலவழித்து வந்த துணி, உடுப்பில் இடம் கிடைக்காததால் மட்டும் குப்பையாகிவிடாது. அதைக் கடைசி இழை வரை உழைக்கவிடுவதுதான் நாம் திருப்பிச் செய்யக்கூடிய மரியாதை என்று நான் நம்புகிறேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

இன்று முழுக்க வெட்டும் தையலும். எந்தத் துணிக்கு எந்த வேலை என்பதை எழுதி வைக்கிறேன். பாப்பாவுக்குப் பின்னால் உதவும்.

சிங்கிள் ஜெர்சி, அதாவது பனியன் துணி. வெட்டினாலும் நூல் பிரியாது, ஆனால் ஓரம் சுருண்டுகொள்ளும். சுற்றிலும் ஓவர்லாக் அடித்தால் படிந்து நிற்கும். இரண்டு மடிப்பாக வைத்துக் குறுக்கும் நெடுக்கும் இரண்டு தையல் போட்டால் சமையல் மேடைக்கு அருமையான துணி. இன்டர்லாக் என்றால் ஒற்றையாகவே போதும், அது சுருளாது.

ஃப்ளீஸ். டீசர்ட்டை விட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். உள்பக்கம் நூல் வளையங்கள் இருப்பதால் அந்தப் பக்கத்தைத் தரையில் வைத்தால் தூசியும் முடியும் அதில் மாட்டிக்கொள்ளும்.

ரிப். கழுத்துப் பட்டைக்கும் மணிக்கட்டுப் பட்டைக்கும் வெட்டிய மிச்சம். இழுத்தால் விரிந்து, விட்டால் இறுக்கிப் பிடிக்கும். குழாயாகத் தைத்து ஒட்டடைக் கம்பின் தலையில் மாட்டினேன். கயிறும் வேண்டாம், ரப்பரும் வேண்டாம். அழுக்கானால் உருவிப் போட்டு வேறொன்று மாட்டலாம். ஃபேன் இறக்கைக்கும் இதே வழிதான், ஆனால் அகலமாக வேண்டும். நைட்டிக் கை டேமேஜாகக் கிடந்தது. ஒரு பக்கத்தை மூடித் தைத்துவிட்டேன். இறக்கைமேல் உறையாகப் போட்டு, அழுத்திப் பிடித்து உருவினால் தூசி உள்ளேயே விழும், தலையில் கொட்டாது.

நெட். குழந்தை கவுனுக்கு வாங்கும் கேன்கேன் நெட்டின் மிச்சம் விறைப்பாக இருக்கும். நான்கைந்து அடுக்காக மடித்து, நடுவே பனியன் துணி வைத்துத் தைத்தால் பாத்திரம் தேய்க்கும் பஞ்சுக்கு மாற்று. எவர்சில்வருக்குச் சரி. நான்ஸ்டிக் சட்டியில் வைக்கக் கூடாது, சூடான சட்டியிலும் கூடாது. வயர் கூடை பின்னிய மிச்ச வயரைச் சின்ன வட்டமாக முடிந்து வைத்திருந்தேன். அது கல்தொட்டிக்கும் சாக்கடை மூடிக்கும்.

சாட்டினும் லைனிங்கும் தண்ணீருக்கு ஆகாது. உலர்வாக டிவி மேலும் பீரோ மேலும் ஓட்டினால் நிலைமின்சாரத்தில் தூசியை இழுத்துக்கொள்ளும்.

ஜர்தோசி, சம்கி, கல் ஒட்டிய ஆரி வேலைத் துண்டுகளால் எதையும் துடைக்க வேண்டாம். ஒரு கல் போதும், கண்ணாடியில் கீறல் விழ.

நெசவுத் துணி, அதாவது பிளவுஸ் பிட்டும் சட்டை பிட்டும், ஓரம் பிரியும். அதை இரண்டு பக்கமும் மடித்து அடிக்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. பிரிந்த நூல் குழாய் வாயில் போய்ச் சிக்கும்.

டிசம்பர் 30, திங்கள்

நான் நேற்று தைத்ததையெல்லாம் அத்தை விரித்துப் பார்த்தார். “எல்லாம் சரி அம்மிணி. அடுப்படித் துணியும் கக்கூசுத் துணியும் ஒரே மாதிரி இருந்தா, ஒரு நாளைக்கு யாராவது மாத்தி எடுத்துப்போடுவாங்க” என்றார்.

அவர் காலத்தில் மாமாவின் பழைய வேட்டிதான் எல்லாவற்றுக்கும். நைந்த வேட்டியில் முதல் பங்கு விளக்குத் திரிக்கு. பிறகு பால் வடிகட்ட. அதற்கடுத்து அடுப்படியில் சட்டி இறக்கும் கரித்துணி. கரி ஏறிப்போனதும் வாசல் திண்ணை துடைக்க. பழைய சேலை ஏணை கட்டவும் சும்மாடு சுற்றவும் போகும். மேலே இருந்து கீழே இறங்குமே தவிர, கீழே போன துணி அடுப்படிக்கு ஏறாது. அதில் யாருக்கும் சந்தேகம் வராது, ஏனென்றால் துணியைப் பார்த்தாலே அதன் வயது தெரியும். நான் தைப்பதெல்லாம் புதுத்துணி. எல்லாம் ஒரே வயது.

அதற்கு ஓவர்லாக் நூல் வழி காட்டியது. கோனில் கொஞ்சம் கொஞ்சமாக மிஞ்சிய நூல்கள் டப்பாவில் கிடந்தன. அடுப்படித் துணிக்கு வெள்ளை ஓரம், தூசிக்கு மஞ்சள், தரைக்கு நீலம், கழிப்பறைக்குச் சிவப்பு. துணி எந்த நிறமாக இருந்தாலும் ஓரத்தைப் பார்த்தால் போதும். அத்தைக்குப் பிடித்திருந்தது. வெள்ளை ஓரத் துணிகளை மட்டும் எடுத்துத் தனியாக மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டார்.

ஜனவரி 2, 2025, வியாழன்

ஆர்டர். பொங்கலுக்கு முன் கொடுக்க வேண்டிய பாவாடை சட்டை செட்டுகள். வேறெதற்கும் நேரமில்லை.

ஜனவரி 4, சனி

ராத்திரி சாப்பிட்ட பிறகு வீட்டுக்காரர் மாப் செய்ய உட்கார்ந்தார். கட்டிங் மாஸ்டர் கை, கத்தரி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பனியன் துணியைக் குறுக்குவாட்டில் இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டினார். ஒவ்வொன்றின் இரண்டு முனையையும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் பட்டை தானே சுருண்டு கயிறாகிவிடுகிறது. நெடுக்குவாட்டில் வெட்டினால் இந்தச் சுருட்டு இவ்வளவு நன்றாக வராது. அந்தக் கயிறுகளை நடுவில் கட்டி, பழைய மாப் கட்டையின் பிடியில் மாட்டினோம். காட்டன் மட்டும் போட்டோம். நடுவில் ஒரு பாலியஸ்டர் பட்டை வந்தாலும் அந்த இடம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும், துடைக்காது.

வெட்டிக்கொண்டே சொன்னார்: “பிட்ட வெச்சு என்ன பண்ணலாம்னு நீ யோசிக்கற. பிட்டே கம்மியா விழுகறதுக்கு மார்க்கர்ல யோசிக்கோணும்.” அவர் சொல்வது முழுக்கச் சரி. துணி விரிப்பின் மேல் முன்பக்கம், முதுகுப்பக்கம், கை என்று அச்சுகளை நெருக்கி அடுக்குவதுதான் மார்க்கர். கைவளைவும் கழுத்துவளைவும் இருக்கும்வரை நடுவே சந்து விழத்தான் செய்யும். நன்றாக அடுக்கினாலும் பத்துக் கிலோ துணியில் ஒரு கிலோவுக்கு மேல் பிட்டாக விழுந்துவிடும். பெரிய சைஸ் அச்சுகளின் சந்தில் சின்ன சைஸைச் செருகினால் அது குறையும். பெரிய கம்பெனிகளில் இப்போது கம்ப்யூட்டரே அடுக்கிக் கொடுக்கிறது. நான் வெட்டும்போது இனிமேல் நைட்டியோடு சேர்த்து ஒரு குழந்தை ஜட்டி அச்சும் வைத்துக்கொள்ளப் போகிறேன், சந்துக்குள் அது கச்சிதமாக உட்காரும்.

ஜனவரி 5, ஞாயிறு

வீடு கழுவும் நாள். மேலிருந்து கீழே, உலர்வு முதலில் ஈரம் பிறகு, இந்த இரண்டு ஒழுங்கை விட்டால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டிவரும். ரிப் மாட்டிய கம்பு ஒட்டடைக்கு. நைட்டிக் கை ஃபேனுக்கு. ஜன்னல் கம்பிக்குப் பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு பிடித்துத் துடைத்தால் நான்கு பக்கமும் ஒரே இழுப்பில் வரும். கண்ணாடிக்கு மட்டும் என் பிட்டுகள் எதையும் எடுக்கவில்லை. அதற்கு மாமாவின் பழைய வேட்டிதான். நூல் உதிராது, திட்டும் விழாது. ஒன்று ஈரமாக, இன்னொன்று உலர்வாக.

அடுப்பு மேடைப் பிசுக்குக்குச் சுடுதண்ணீரில் சலவை சோடா கரைத்து, பனியன் துணியை நனைத்துக் கொஞ்ச நேரம் போர்த்தி வைத்துவிட்டுத் துடைத்தேன். தேய்க்கும் பாடு பாதியாகக் குறையும்.

இரண்டு விஷயம் பாப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். கழிப்பறைக்கு பிளீச்சிங் பவுடர் போட்ட துணியிலோ தரையிலோ ஆசிட் படக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. இன்னொன்று மரச்சாமானுக்குப் பாலிஷ் போட்ட துணி. ஆளிவிதை எண்ணெய் கலந்த பாலிஷ் என்றால், துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளப்பும். கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வெளியில் தனியாக விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். பஞ்சும் துணியும் நிறைந்த வீட்டில் இது தெரியாமல் இருக்கக் கூடாது.

ஜனவரி 8, புதன்

துடைக்கிற துணியைத் துவைப்பது பற்றி யாரும் பேசுவதில்லை. ஈரத்தோடு சுருட்டி சிங்க் மேல் வைத்த துணி மறுநாள் நாறும், அந்த நாற்றம் கிருமி பெருகியதற்கு அடையாளம். அதைக் கொண்டு மேடையைத் துடைத்தால் அழுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கையகலமாகச் சின்னதாகவும் நிறையவும் தைத்ததற்கு இதுதான் காரணம். அடுப்படியில் நாளுக்கு ஒன்று, ராத்திரி அலசிக் கொடியில். வாரத்தில் ஒரு நாள் வெள்ளை ஓரத் துணிகளை மட்டும் கொதிக்கவைத்து வெயிலில் போடுகிறேன். பருத்தி கொதிநீரைத் தாங்கும். மார்கழி வெயில் மந்தம்தான், ஆனாலும் மொட்டைமாடியில் மதியத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடுகிறது. வாசனைக்காகக் கம்ஃபர்ட் மாதிரி எதையும் ஊற்றக் கூடாது, உறிஞ்சும் குணம் போய்விடும்.

மெஷினில் பாலியஸ்டர் துணிகள் ஒவ்வொரு துவையலிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளைத் தண்ணீரில் விடுகின்றன. கடையில் விற்கும் மைக்ரோஃபைபர் துணியும் அந்த ஜாதிதான். அது நன்றாகத் துடைக்கும், மறுக்கவில்லை. பருத்தி உதிர்க்கும் இழை மண்ணில் மக்கிவிடும் என்பதால் நான் பருத்தியைத்தான் எடுப்பேன்.

ஜனவரி 9, வியாழன்

அடுத்த தெரு அடுக்குமாடியில் படிக்கட்டும் நடையும் துடைக்கிற தங்கச்சி ஒருத்தி என்னிடம்தான் பிளவுஸ் தைப்பாள். சில நாளுக்கு முன் அவளிடம் நீல ஓரத் துணிகள் சிலதும் வீட்டுக்காரர் செய்த மாப்பில் ஒன்றும் கொடுத்திருந்தேன். இன்று அளவு ஜாக்கெட் கொடுக்க வந்தவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“மாப்பு பரவால்லீங்க்கா. இந்தத் தடிச்ச துணிதான் தண்ணிய நெறையாக் குடிச்சுக்குது. மூணு மாடி தொடைக்கறதுக்குள்ள பிழிஞ்சு பிழிஞ்சு மணிக்கட்டு விட்டுப்போகுதுங்க” என்றாள். கையைத் திருப்பிக் காட்டினாள். வீங்கியிருந்தது.

ஃப்ளீஸை நான் வீட்டுக் கணக்கில் பார்த்திருந்தேன். நாலு அறை துடைப்பவளுக்கு உறிஞ்சுவது முக்கியம், நாள் முழுக்கத் துடைப்பவளுக்குப் பிழிவது முக்கியம். ஒரு துணி நல்லதா இல்லையா என்று சொல்ல அதை அதிக நேரம் கையில் வைத்திருப்பவளுக்குத்தான் உரிமை. ஒற்றை அடுக்கு இன்டர்லாக்கில், கொஞ்சம் நீளமாகவும் ஒடுக்கமாகவும் வெட்டிப் பார்க்கிறேன். ஒடுக்கமாக இருந்தால் முறுக்கிப் பிழிவது சுலபம்.

ஜனவரி 11, சனி

நேற்று வைகுண்ட ஏகாதசி. அத்தை கண்விழித்ததால் இன்று மதியம் வரை வீடு அமைதி. மிச்சத்தை முடித்தேன்.

எதற்கும் ஆகாத பங்கு ஒன்று இருக்கிறது. பாலியஸ்டரும் லைக்ராவும் கலந்த லெகிங்ஸ் பிட்டு, ஓவர்லாக் கத்தி சீவித் தள்ளிய நூல் குப்பை, விரலகலச் சீவல். இதை மில்லும் எடுக்காது, துடைக்கவும் ஆகாது. பொடியாக நறுக்கி, மூட்டுவலிக்காரியான அத்தைக்கு ஒரு கால்மணைக்குள் அடைத்தேன். கனமாக, அசையாமல் இருக்கிறது. சம்கித் துண்டுகளைப் பாப்பா ஊசி குத்தும் மெத்தைக்கு எடுத்துக்கொண்டாள்.

இப்படித் துணி மிச்சத்துக்கு வேலை கொடுத்தவர்கள் வெளியிலும் உண்டு. ஆரோவில்லில் இருக்கும் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம், 2004 சுனாமிக்குப் பிறகு துணி மிச்சத்தில் விரலளவு பொம்மைகள் செய்யக் கடலோரப் பெண்களுக்குப் பழக்கியது. சுனாமிகா என்று அதற்குப் பெயர். விலை வைக்காமல் கொடுத்தே உலகம் முழுக்கப் பரவியது. டெல்லியில் 1999-இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, வந்து சேரும் பருத்தித் துணியை மாதவிலக்குத் துணியாகச் சுத்தம் செய்து தைத்துக் கிராமங்களுக்குக் கொடுக்கிறது. அதைத் தொடங்கிய அன்ஷு குப்தாவுக்கு 2015-இல் மக்சேசே விருது கிடைத்தது. நைந்த பருத்தித் துணி கூடக் கிடைக்காத வீடுகள் இந்த நாட்டில் இருக்கின்றன என்பதை அந்த வேலை எனக்குக் காட்டியது. அதனால் கொஞ்சம் பெரிய, சாயம் இறங்காத வெள்ளைக் காட்டன் துண்டுகளை நான் தரை துடைக்க வெட்டவில்லை. சுத்தமாகத் துவைத்து, காயவைத்து, தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன், அனுப்புவதற்கு.

ஜனவரி 13, திங்கள்

காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வாசலிலும் கூரை முனையிலும் வீட்டுக்காரர் கட்டினார். வடக்கே சென்னைப் பக்கம் போகி என்று பழையதைப் போட்டு எரிப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறது. பாலியஸ்டர் துணியும் பிளாஸ்டிக்தான் என்று அதோடு சேர்த்துச் சொன்னால் நல்லது.

ஊரில் பாதி காலி. கம்பெனிகள் கணக்கு முடித்து அனுப்பிவிட்டன. மதுரை, தேனி, புதுக்கோட்டை பஸ்கள் நேற்றிரவே நிரம்பிப் போயின. குடோன் அக்காவும் ஊருக்குப் போய்விட்டார். தை பிறந்து திரும்பியதும், எங்கள் தெருவில் தைக்கிற பெண்கள் எல்லோரும் சேர்ந்து ரகம் பிரித்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா என்று முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டுச் சாக்கை வாங்காத மில், பத்து வீட்டு வெள்ளையை ஒன்றாகக் கட்டிக் கொடுத்தால் வாங்கும். பிரிக்கப் பழக்குவதற்கு அவரே வர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், கூலி கொடுத்து.

சாயங்காலம் தங்கச்சி புது பிளவுஸ் வாங்க வந்தாள். ஒடுக்கமான இன்டர்லாக் துணி சரியாக இருக்கிறதாம். இரண்டு திருகலில் பிழிந்துவிடுகிறதாம். “ஓரத்துல ஒரு காது வெச்சுக் குடுத்தீங்கன்னா படிக்கட்டுக் கம்பில மாட்டிக் காயப் போட்டுக்குவேனுங்க்கா” என்றாள். ரிப் பட்டை மிச்சம் இருக்கிறது. பட்டிப்பொங்கல் முடிந்து மெஷினில் உட்காரும்போது முதல் வேலை அந்தக் காது.